பியூஸ் போகாது, உயிர் போகும்!

சிங்காநல்லூருக்குப் பக்கத்தில் ஒரு காம்பவுண்டு. எதிரும் புதிருமாகப் பத்து லைன் வீடுகள். மில்லுக்குப் போகிறவர்கள், ரெடிமேட் கம்பெனிக்குப் போகும் பெண்கள், கட்டட வேலைக்காரர்கள், பீகாரிலிருந்து வந்து பவுண்டரியில் வேலை செய்யும் நான்கு வாலிபர்கள் என்று கலந்து குடியிருக்கிறார்கள். பத்து வீட்டுக்கும் சேர்த்துக் குளிக்கிற அறை இரண்டே இரண்டு. மேலே சிமெண்ட் ஷீட். ஜன்னல் கிடையாது, கதவுக்கு மேலே கையகலத்தில் ஓர் இரும்புக் கம்பி வெண்டிலேட்டர். காலையில் நாலரை மணிக்கு முதல் ஷிப்டுக்காரர் குளிக்க ஆரம்பித்தால், எட்டரைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் குளித்து முடிக்கும்வரை அந்த அறைக்குள் ஈரம் காய்வதே இல்லை. சுவரெல்லாம் கறுப்புப் பூஞ்சை. பிள்ளைகளுக்கு ஓயாத இருமல்.

இதற்கு ஒரு வழி பண்ண வேண்டுமென்று அங்குள்ள பெண்கள் சேர்ந்து வீட்டுக்கு இருநூறு ரூபாய் போட்டு, இரும்புச் சட்டம் வைத்த ஒன்பது அங்குல எக்ஸாஸ்ட் பேன் ஒன்று வாங்கினார்கள். நல்ல காரியம். வீட்டுக்காரரிடம் பல முறை கேட்டு அலுத்துப்போன பிறகு செய்த காரியம். ஆனால் பேனை மாட்டியது யார்? அதே காம்பவுண்டில் இருக்கும் ஒரு வாலிபர், விசைத்தறி ஓட்டுகிறவர், கைவேலை தெரிந்தவர். "இதென்னங்க பெரிய வேலை, ரெண்டு கம்பிதானே!" என்று சொல்லி, பக்கத்து வீட்டு சுவிட்ச் போர்டிலிருந்து ஒரு இரட்டைக் கம்பியை இழுத்து, துணி காயப்போடும் கொடிக்கம்பியோடு சுற்றிக்கொண்டு வந்து, நடுவில் கம்பி பற்றாமல் போன இடத்தில் முறுக்கி டேப் ஒட்டி, பேனை வெண்டிலேட்டரின் இரும்புக் கம்பியிலேயே கட்டிவிட்டார். பேன் ஓடியது. எல்லோருக்கும் சந்தோஷம்.

சென்ற ஐப்பசி மழையில் டேப் நனைந்தது. பத்திரிகைச் சந்தா வசூலிக்க நாம் அங்கே போனபோது, ஒரு மில் தொழிலாளியின் மனைவி தன் வலது கையைத் தூக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். "கதவுக் கொண்டியில கைய வெச்சனுங்க. சுரீர்னு இழுத்துத் தூக்கிப் போட்டுருச்சுங்க. கால்ல செருப்பு இருந்துச்சு, இல்லீன்னா நான் இன்னைக்கு உங்ககிட்டப் பேசிட்டு இருக்க மாட்டனுங்க" என்றார். அப்புறம் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார்: "பியூஸ் போகவே இல்லீங்களே தோழரே, அப்புறம் எப்புடீங்க கரண்ட் வரும்?"

இந்தக் கேள்வி அந்த அம்மாள் ஒருவருடையது மட்டுமல்ல. வீட்டில் ஏதாவது கோளாறென்றால் பியூஸ் போய்விடும், பியூஸ் போகாதவரை பயமில்லை என்று உழைக்கிற ஜனங்கள் லட்சக்கணக்கில் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இந்த நம்பிக்கை உயிரைக் குடிக்கிறது. நம் நாட்டில் மின்சாரம் தாக்கி ஆண்டுதோறும் பத்தாயிரம் பேருக்கு மேல் சாகிறார்கள் என்பது சர்க்காரின் குற்ற ஆவணக் காப்பகமே வெளியிடும் கணக்கு. ஆகவே இதைக் கொஞ்சம் விவரமாகவே எழுத வேண்டியிருக்கிறது. கம்பி விஷயத்தைப் பத்திரிகையில் என்ன எழுதுவது என்று தோழர்கள் சலித்துக்கொள்ள வேண்டாம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். உடம்பு நனைந்து, வெறுங்காலோடு ஈரத் தரையில் நிற்கும் ஓர் ஆளின் உடம்பு கரண்டுக்குக் காட்டும் தடை ஏறக்குறைய ஆயிரம் ஓம் என்று வைத்துக்கொண்டால், அந்த உடம்பு வழியாக ஓடும் கரண்ட் கால் ஆம்பியருக்கும் குறைவு. லைன் வீட்டுப் போர்டில் இருக்கும் பியூஸ் ஐந்து ஆம்பியர் தாங்கும். ஆளைக் கொல்லும் கரண்டைப் போல இருபது மடங்கு ஓடினாலும் அது அசையாது. இதயத்தை நிலைகுலைத்துத் துடிக்கவிடாமல் செய்ய பத்தில் ஒரு பங்கு ஆம்பியர் போதும். பியூஸ் கம்பியின் கணக்கில் அது ஒரு பொருட்டே அல்ல. கம்பி காய்ந்து தீப்பிடிக்காமல் பார்த்துக்கொள்வதற்காகப் போட்டதுதான் பியூஸ். மனிதன் துடிப்பது அதற்குத் தெரியாது.

அப்படியானால் மனிதனைக் காப்பாற்ற என்ன இருக்கிறது? இரண்டு இருக்கிறது. முதலாவது எர்த். பேனின் இரும்பு உடம்பிலிருந்து ஒரு பச்சைக் கம்பி புறப்பட்டு, போர்டு வழியாக, வீட்டுக்கு வெளியே மண்ணில் புதைத்த குழாய்க்குப் போய்ச் சேர வேண்டும். உள்ளே கம்பி உரிந்து இரும்பில் பட்டால், கரண்ட் அந்த வழியே வெள்ளமாக ஓடும், பியூஸ் அப்போது போகும், ஆள் பிழைப்பார். நம் காம்பவுண்டில் என்ன இருந்தது? போர்டுக்குள் பச்சைக் கம்பி இருந்தது. அது போர்டுக்குப் பின்னால் ஒரு சாண் நீளம் வந்து, எங்கும் போகாமல், அனாதையாக நின்றது! பிளக்கில் மூன்று ஓட்டை இருக்கிறது, ஆகவே எர்த் இருக்கிறது என்று குடியிருப்பவர்கள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். இன்னும் சில இடங்களில் எர்த் ஓட்டையை நியூட்ரல் கம்பியோடு உள்ளுக்குள்ளேயே சேர்த்துவிடுகிறார்கள். இது அதைவிடக் கேடு. வெளியே நியூட்ரல் அறுந்த நாளில் வீட்டிலுள்ள இரும்புச் சாமான் எல்லாம் கரண்ட் ஏறி நிற்கும்.

எர்த் மட்டும் இருந்தாலும் போதாது. கோவை மண் பல இடங்களில் பாறையும் சரளையுமான மண். சித்திரை வைகாசியில் காய்ந்து கிடக்கும்போது, எர்த் குழியில் கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றாவிட்டால், பியூஸ் போகிற அளவுக்குக் கரண்ட் அதன் வழியே இறங்காது. ஆகவே இரண்டாவது காவல் வேண்டும். அதற்கு ஆர்.சி.டி. என்று பெயர். மில் தோழர்களுக்கு இதைச் சொன்னால் உடனே புரியும். டிராயிங் மெஷினில் பஞ்சுத் திரி அறுந்தால் மெஷின் தானே நிற்கிறதல்லவா? யாரும் ஓடிப்போய் நிறுத்த வேண்டியதில்லை. அதுபோலத்தான். விவசாயத் தோழர்களுக்குச் சொல்வதானால், மடையில் விட்ட தண்ணீரும் வயலுக்கு வந்த தண்ணீரும் ஒன்றுதானா என்று ஒரு காவற்காரன் இமைகொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கிறான். கொஞ்சம் குறைந்தாலும் வழியில் எங்கோ உடைப்பு என்று மடையை அடைத்துவிடுகிறான். ஒரு கம்பியில் போன கரண்ட் மறு கம்பியில் முழுதாகத் திரும்பி வருகிறதா என்று இந்தக் கருவி பார்க்கும். ஓர் ஆம்பியரை ஆயிரம் பங்கு போட்டு அதில் முப்பது பங்கு குறைந்தால் - அதாவது 30 மில்லி ஆம்பியர் - கண்ணிமைக்கும் நேரத்தில் மெயினை வெட்டிவிடும். குறைந்த கரண்ட் ஒரு மனிதனின் உடம்பு வழியே மண்ணுக்குப் போயிருந்தாலும் அதற்கு ஒன்றுதான். விலை இரண்டாயிரம் ரூபாய் அளவில்.

இங்கே ஓர் எச்சரிக்கை. "ட்ரிப்பர் போட்டிருக்கேனுங்க" என்று பல வீட்டுக்காரர்கள் சொல்வார்கள். போய்ப் பார்த்தால் அது எம்.சி.பி.யாக இருக்கும். அது பியூஸுக்குத் தம்பி; லோடு அதிகமானால் விழும், ஆள் அடிபட்டால் விழாது. ஆர்.சி.டி.யில் ‘டி’ என்ற எழுத்துப் போட்ட சிறு பொத்தான் ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் மெயின் விழ வேண்டும். மாதம் ஒரு தடவை அழுத்திப் பார்க்க வேண்டும். ஒரே சமயத்தில் இரண்டு கம்பியையும் இரண்டு கையால் தொட்டவரை அதனாலும் காப்பாற்ற முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லி வைக்கிறோம்.

சட்டம் யாருக்காக?

"இந்தச் சின்ன வேலைக்கெல்லாம் சட்டம் எதுக்குங்க? லைசென்ஸ், சர்டிபிகேட்டுன்னு சொல்லிக் காசு புடுங்கறதுக்குத்தானுங்க" என்று பேனை மாட்டிய வாலிபர் நம்மிடம் வாதாடினார். லஞ்சம் வாங்குகிற கை இருக்கும்வரை இப்படிப் பேசுகிறவர் மேல் நமக்குக் கோபம் வராது. ஆனாலும் அந்த அபிப்பிராயம் தவறு. சட்டம் என்ன சொல்கிறது? 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 45-ஆவது விதி இதைப் பற்றியது. அதற்குப் பின் 2010-இலும் 2023-இலும் வந்த ஒழுங்குமுறைகளிலும் அதே ஏற்பாடு தொடர்கிறது. கெட்டுப்போன பல்பு, பேன், பியூஸ், சுவிட்ச் ஆகியவற்றை எடுத்துவிட்டு அதே இடத்தில் அதே மாதிரி ஒன்றைப் போடலாம். யாரும் கேட்கப் போவதில்லை. புதிதாகக் கம்பி இழுப்பது, கூட்டுவது, மாற்றுவது என்றால் லைசென்ஸ் பெற்ற கான்டிராக்டர் மூலம், தகுதிச் சான்று உள்ளவர் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும். பழைய எக்ஸாஸ்ட் பேனை மாற்றுவது வேறு, குளியலறைக்குப் புதிதாக ஒரு லைன் இழுப்பது வேறு. இந்த வித்தியாசத்தில் என்ன அநியாயம் இருக்கிறது?

மில்லுக்குள்ளே பெல்ட்டுக்கும் பல்சக்கரத்துக்கும் மூடி போட வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் சொல்கிறது. எத்தனை தொழிலாளர்கள் கையையும் விரலையும் கொடுத்த பிறகு வந்த சட்டம் அது! மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டச் சொன்னால் எந்தச் சங்கத் தோழராவது சும்மா இருப்பாரா? அதே தோழர் வீட்டுக்கு வந்ததும், மூடியில்லாத சுவிட்ச் போர்டில் ஈரக் கையால் குச்சி சொருகி ஹீட்டர் கம்பியைப் போட்டு, பக்கெட்டுத் தண்ணீர் சுட்டதா என்று விரலை விட்டுப் பார்க்கிறார். இதை நாமே கண்ணால் கண்டிருக்கிறோம். (நாமே செய்ததும் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை.)

அந்த வாலிபரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவும் நாம் தயாரில்லை. கோவை மாவட்டத்து லைன் வீடுகளிலும் தோட்டங்களிலும் கம்பி இழுக்கும் வாலிபர்களில் எத்தனை பேரிடம் சான்று இருக்கிறது? கைத்திறமை இருக்கிறது, காகிதம் இல்லை. ஐந்தாண்டு வேலை அனுபவமும் 21 வயதும் நிரம்பியவர்களுக்கு வேலைவாய்ப்பு, பயிற்சித் துறை மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு நடத்துகிறது. இந்தத் தேர்வு இருப்பதே அநேகருக்குத் தெரியாது. தேர்வுக்கு முன்னால் தொழிற்பயிற்சி நிலையத்தில் மாலை நேர வகுப்பு வைத்து, நாள் கூலி போகாமல் அவர்கள் படிக்க வழி செய்ய வேண்டும் என்று கேட்பது வாலிபர் சங்கங்களின் வேலை. சும்மா "சான்று இல்லாதவன் தொடாதே" என்று போர்டு மாட்டினால் யார் கேட்பார்கள்?

வீட்டுக்காரரின் பொறுப்பு

வீட்டுக்காரர் என்ன சொன்னார்? "என்னைக் கேட்டா கம்பி இழுத்தீங்க? நீங்களா இழுத்துப் போட்டுட்டு இப்ப எம்மேல வந்து விழறீங்க" என்றார். பாதி உண்மை. மறுபாதியை நாம் சொல்லுகிறோம். தமிழ்நாட்டில் 2017-இல் இயற்றி 2019-இல் நடைமுறைக்கு வந்த, வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பற்றிய சட்டம் ஒன்று இருக்கிறது. அதன் இரண்டாவது அட்டவணையில் யார் யார் என்னென்ன பராமரிப்பது என்று பிரித்து எழுதியிருக்கிறார்கள். வீட்டுக்கு உள்ளும் புறமும் உள்ள மின் கம்பி வேலை, அதைச் சார்ந்த பராமரிப்பு எல்லாம் உரிமையாளர் தலையில். சுவிட்சும் பிளக்கும் கெட்டால் மாற்றுவது குடியிருப்பவர் தலையில். தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை வெட்டிக் குடியிருப்பவரை மிரட்டக்கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. வாரியம் வாங்குவதற்கு மேல் யூனிட்டுக்குக் காசு வைத்து மாதாமாதம் தவறாமல் வசூலிக்கும் வீட்டுக்காரருக்கு, எர்த் குழி தோண்டுவது மட்டும் எப்படி மறந்து போயிற்று?

ஆர்.சி.டி. விஷயத்திலும் ஒரு வேடிக்கை. 2023-ஆம் ஆண்டின் ஒன்றிய ஒழுங்குமுறைகள் இதை வைக்கச் சொல்லிவிட்டு, மிகச் சிறிய இணைப்புகளுக்கு விலக்கும் கொடுத்திருக்கின்றன. மிகச் சிறிய இணைப்பு யார் வீட்டில் இருக்கும்? ஒரு விளக்கும் ஒரு பேனும் உள்ளவன் வீட்டில். கூரை ஒழுகும் வீடும் அதுதான். எர்த் இல்லாத வீடும் அதுதான்! நல்ல வேளையாகத் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் தன் பகிர்மான விதித்தொகுப்பில் நுகர்வோர் இந்தக் கருவியை வைக்க வேண்டுமென்று சேர்த்திருக்கிறது. புது இணைப்புக்கு வந்தால் கேட்பார்கள். நாற்பது ஐம்பது வருஷத்துப் பழைய லைன் வீட்டுக்குப் போய் யார் கேட்பது? ஐந்து வருஷத்துக்கு மிகாமல் ஒரு தடவை ஒவ்வொரு இணைப்பையும் சோதிக்க வேண்டும் என்று 1956-ஆம் ஆண்டு விதிகளிலேயே இருந்தது. அப்படிச் சோதிக்க வந்த அதிகாரியைத் தன் வீட்டு வாசலில் கண்ட லைன் வீட்டுக்காரர் எவரையும் நாம் இதுவரை சந்தித்ததில்லை. பின்னால் வந்த ஒழுங்குமுறைகளோ, சிறிய இணைப்புகளுக்கு உடைமையாளரே சோதித்துச் சான்று எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டன.

முதலாளித்துவத்தின் தாய்வீடான இங்கிலாந்தைப் பாருங்கள். குளிக்கும் அறையில் புதிதாக லைன் இழுத்தால் உள்ளூர் நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், அல்லது பதிவு பெற்ற மின் தொழிலாளி செய்து சான்று தர வேண்டும் என்று 2005 முதல் அங்கே விதி இருக்கிறது. 2020-இல் இன்னொரு விதி வந்தது: வாடகைக்கு விட்ட வீட்டின் கம்பி வேலைகளை வீட்டுக்காரர் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவையாவது தகுதியுள்ளவரைக் கொண்டு சோதித்து, அந்த அறிக்கையைக் குடியிருப்பவர் கையில் கொடுக்க வேண்டும். லண்டனில் குடியிருப்பவனுக்கு உள்ள உயிர் சிங்காநல்லூரில் குடியிருப்பவனுக்கு இல்லையா? இப்படி ஓர் ஏற்பாடு நம் மாநிலத்திலும் வேண்டுமென்று நாம் கேட்கிறோம். அறிக்கை குடியிருப்பவர் கைக்கு வர வேண்டும். வீட்டுக்காரர் பீரோவுக்குள் போகக்கூடாது.

கோவைக்குக் கரண்ட் நேற்று வந்ததல்ல. 1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓட ஆரம்பித்தது. அந்த மின்சாரத்தை நம்பித்தான் இங்கே மில்கள் வரிசையாக எழுந்தன. 1937-இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரமும் மின் மோட்டார் செய்த ஊர் இது. அப்புறம் கிணற்றுக்கு மோட்டார் வந்தது. குடிசைக்கு ஒரு விளக்கு என்ற திட்டம் வர 1979 ஆக வேண்டியிருந்தது. மில்லுக்கு முதலில், கிணற்றுக்கு அடுத்து, அதில் பாடுபட்டவன் குடிசைக்குக் கடைசியில்! எர்த்தும் ஆர்.சி.டி.யும் அதே வரிசையில்தான் நகர்ந்துகொண்டிருக்கின்றன.

தோட்டங்களில் நிலைமை இதைவிட மோசம். பண்ணையாள் குடும்பத்தை மோட்டார் ரூமை ஒட்டிய சாளையில் குடிவைத்து, ஸ்டார்ட்டர் பெட்டியிலிருந்து ஒரு கம்பியை இழுத்து விளக்குப் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். அங்கே குளிப்பது தொட்டி ஓரத்தில், ஈரச் சேற்றில். மின்கம்பத்துக்கும் கூரைக்கும் இடையில் துணிக் கொடி. தடாகம், பொள்ளாச்சிப் பக்கம் பன்றிக்கும் யானைக்கும் என்று திருட்டுத்தனமாக வேலியில் கரண்ட் விடும் கொடுமையைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகள் கூலிப் பேச்சு பேசும்போது, சாளைக்குத் தனி இணைப்பும் எர்த்தும் கேட்டுப் பட்டியலில் சேர்க்கட்டும்.

சரி, அந்தக் குளியலறைக்கு எப்படித்தான் லைன் இழுப்பது? சான்று பெற்ற வயர்மேன் ஒருவர் நம்மோடு வந்து பார்த்துச் சொன்னதை எழுதுகிறோம். சுவிட்ச் கதவுக்கு வெளியே, ஈரக் கை எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். சுவிட்ச் வெட்டுவது பேஸ் கம்பியை. நியூட்ரலை வெட்டினால் பேன் நிற்கும், கரண்ட் நிற்காது. பழைய வீடுகளில் இந்தத் தப்பு ஏராளம். டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் பேனைத் துடைக்கப் போகக்கூடாது. சிவப்பு, கறுப்பு, பச்சை என்று மூன்று கம்பி பைப்புக்குள் வர வேண்டும். இடையில் முறுக்கி டேப் ஒட்டுகிற பேச்சே கூடாது, இணைப்பெல்லாம் மூடிய பெட்டிக்குள். குளிக்கும் இடத்துக்கு மேலே இரண்டே கால் மீட்டர் உயரத்துக்குக் கீழ் சாதாரண பேன், பிளக், சுவிட்ச் எதுவும் வரக்கூடாது. வெளிப்பக்கம் மழைத் தண்ணீர் அடிக்காதபடி பேனுக்குத் தகடு மூடி. கொடிக்கம்பியை எடுத்துவிட்டு நைலான் கயிறு கட்ட வேண்டும். இது செலவில்லாத வேலை. அன்று மாலையே காம்பவுண்டுப் பெண்கள் செய்துவிட்டார்கள்.

யாருக்காவது கரண்ட் அடித்தால் பதறிப்போய் அவரைத் தொடக்கூடாது. முதலில் மெயினை அணைக்க வேண்டும். முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் விலக்கிவிட்டு, 108-க்குச் சொல்லிவிட்டு, மூச்சில்லை என்றால் வண்டி வரும்வரை நெஞ்சை அமுக்கி விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சங்க அலுவலகங்களில் இதைச் செய்து காட்ட ஏற்பாடு செய்யலாம். அறுந்த கம்பி, கசியும் கம்பம் என்றால் 94987 94987 என்ற மின்னகம் எண்ணுக்குச் சொல்லலாம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரோடு பேச்சு நடந்தது. பத்து வீட்டிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். எர்த் குழிக்கும், ஆர்.சி.டி.க்கும், குளியலறை லைனுக்கும் சேர்த்து வயர்மேன் போட்ட எஸ்டிமேட் ஒன்பதாயிரம் ரூபாய். சட்டத்தைப் படித்துக் காட்டியதும் வீட்டுக்காரர் கொஞ்சம் இறங்கி வந்தார். "செஞ்சு தர்றேனுங்க. ஆனா வாடகையில வீட்டுக்கு எரநூறு ஏத்திக்குவேன்" என்றார். மாதம் இரண்டாயிரம், வருஷத்துக்கு இருபத்து நாலாயிரம்! ஒன்பதாயிரத்தைப் போட்டு ஒரே வருஷத்தில் இருபத்து நாலாயிரம் எடுக்கிற கணக்கை, முன்பு கேள்வி கேட்ட அதே அம்மாள் விரல் விட்டு எண்ணி அவர் முகத்துக்கு நேரே சொன்னார். "யோசிச்சுச் சொல்றேன்" என்று வீட்டுக்காரர் எழுந்து போய்விட்டார்.

பேனைக் கழற்றி அட்டைப் பெட்டியில் போட்டு அந்த அம்மாள் வீட்டுப் பரண்மேல் வைத்திருக்கிறார்கள். வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு மறுபடியும் பேச்சு. பவுண்டரி வாலிபர்களுக்கு அன்று ஷிப்டு இருக்கிறது. இரண்டு பேராவது வந்துவிடுகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள்.